இரண்டு நாளில் நார்தம்பர்லாந்துக் கோட்டைகள்: எதை முதலில் முடிவு செய்வது, எதை விட்டுவிடுவது

கேள்வி இதுதான்: லண்டனிலிருந்து வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவுக்குள் திரும்ப வேண்டும். கூடவே எழுபதை நெருங்கும் அம்மா அப்பா, பத்து வயதுப் பிள்ளை. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் பழைய கோட்டைகள் பார்க்க எந்தப் பக்கம் போவது, எப்படித் திட்டமிடுவது?

நார்தம்பர்லாந்துக்குப் போங்கள். லண்டனுக்குப் பக்கத்திலேயே கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் போடியம், டோவர், ஹீவர் என்று நல்ல கோட்டைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை ஒவ்வொன்றாக ஒரு நாள் பயணத்தில் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு இரவு தங்கிப் பார்க்கத் தகுந்தது வடகிழக்குக் கடற்கரைதான். ஸ்காட்லாந்து எல்லை என்பதால் நூற்றாண்டுக் கணக்காகச் சண்டை நடந்த நிலம் அது. சிறிதும் பெரிதுமாக 70க்கும் மேற்பட்ட கோட்டைகள் அந்த ஒரே கவுன்டியில் உள்ளன. அவற்றில் முக்கியமான ஐந்து, கடற்கரையை ஒட்டிச் சுமார் 45 மைல் நீளத்துக்குள் வரிசையாக அமைந்திருக்கின்றன: வார்க்வொர்த், ஆனிக், டன்ஸ்டன்பரோ, பாம்பரோ, லிண்டிஸ்ஃபார்ன். ஆனிக் என்பது பலகைகளிலும் வரைபடத்திலும் 'அல்ன்விக்' என்று படிக்கும்படி எழுதியிருக்கும். பேருந்தில் டிக்கெட் கேட்கும்போது ஆனிக் என்றே சொல்லுங்கள்.

இந்த ஐந்தும் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஒன்றில் இன்றும் ஒரு டியூக் குடும்பம் குடியிருக்கிறது. ஒன்று கூரையே இல்லாமல் கடலோரத்தில் நிற்கும் இடிபாடு. ஒன்றைத் தொழிலதிபர் வாங்கித் திருப்பிக் கட்டினார். ஒன்று பத்திரிகை முதலாளியின் விடுமுறை வீடாக மாறியது. ஆனாலும் ஐந்தையும் இரண்டு நாளில் அடித்துப் பிடித்துப் பார்க்க வேண்டாம். நாளுக்கு இரண்டு போதும். ஐந்தாவது, கடல் விட்டால் மட்டும்.

ஓத அட்டவணைதான் முதல் வேலை

ஹோட்டல் பதிவுக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. லிண்டிஸ்ஃபார்ன் ஒரு தீவு. ஓதத்தால், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதால், அங்கே போகும் தார் ரோடு நாளுக்கு இரண்டு முறை கடலுக்குள் மூழ்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வழி இருக்காது. பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களை நார்தம்பர்லாந்து கவுன்டி கவுன்சில் தேதிவாரியாக இணையத்தில் வெளியிடுகிறது. உங்கள் சனி, ஞாயிறு தேதிகளுக்கு அந்த அட்டவணையைப் பாருங்கள். மற்ற நான்கு கோட்டைகளின் வரிசை அதிலிருந்துதான் பிறக்கும்.

தேதியை மாற்றிக்கொள்ள வசதி இருந்தால் நாட்காட்டியில் திதியையும் பாருங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இந்தக் கரையில் உயர் ஓதம் பெரும்பாலும் பிற்பகலில் வரும். அதனால் நடுப்பகலிலிருந்து மாலை வரை ரோடு மூடியிருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் காலையில் மூடி, நண்பகல் வாக்கில் திறந்து, மாலை வரை வழி கிடைக்கும். சுற்றுலாவுக்கு அந்த நாட்கள்தான் தோது. இது தேதி தேர்ந்தெடுப்பதற்கான தோராயக் கணக்கு மட்டுமே. வண்டியைக் கொண்டு இறங்குவது அட்டவணையைப் பார்த்துத்தான்.

ஒவ்வொரு வருடமும் இங்கே கார்கள் மாட்டிக்கொள்கின்றன. காரணம் அசட்டுத் துணிச்சல் மட்டுமல்ல. ரோட்டின் அமைப்பே கண்ணை ஏமாற்றும். தீவிலிருந்து திரும்பும்போது முதல் இரண்டு மைல் மணல்மேடுகளை ஒட்டிக் காய்ந்த ரோடாகவே இருக்கும். மிகத் தாழ்வான இடம் கரைப்பக்க முனையில், ஒரு சிறு பாலத்தை ஒட்டி வருகிறது. தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான். காய்ந்த ரோட்டைப் பார்த்துத் தைரியமாக வந்தவர், பாலத்துக்கு முன்னால் தண்ணீரைப் பார்க்கிறார். 'கொஞ்சம்தானே' என்று இறங்குகிறார், எஞ்சின் நின்றுவிடுகிறது. பாலத்தருகே உயரமான கால்களின் மேல் ஒரு வெள்ளை மர அறை நிற்கும். அப்படி மாட்டியவர்கள் ஏறி உயிர் பிழைப்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். வந்து மீட்பது சீஹவுசஸ் மீட்புப் படகும் கடலோரக் காவல்படையும். உயிர் தப்பினாலும் வண்டி போனதுதான். வாடகைக் கார் என்றால் கடல்நீர்ச் சேதம் காப்பீட்டில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கிலிருந்து காற்று பலமாக அடித்தாலும், காற்றழுத்தம் தாழ்ந்திருந்தாலும் அட்டவணை நேரத்துக்கு முன்பே தண்ணீர் ஏறிவிடும். அதனால் கடைசி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே தீவை விட்டுக் கிளம்புங்கள். அட்டவணை கார் ரோட்டுக்கு மட்டுமே பொருந்தும். மணலில் கம்பங்கள் நட்ட பழைய யாத்திரிகர் நடைபாதைக்கு அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளவே கூடாது.

போவது, தங்குவது, கார்

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நியூகாசில் ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். காரில் ஐந்தரை, ஆறு மணி நேரம் ஆகும். வெள்ளி மாலை நெரிசலில் அதற்கும் மேலே போகும். ரயிலில் போய் அங்கே கார் எடுப்பதுதான் வயதானவர்களுக்கு நல்லது. முன்கூட்டியே வாங்கும் அட்வான்ஸ் டிக்கெட்டுக்கும் அன்றைக்கு வாங்கும் டிக்கெட்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. பிள்ளை கூட வருவதால் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு வாங்கினால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைக்கு 60 சதவீதமும் குறையும். ஒரே பயணத்திலேயே கார்டின் விலை திரும்பிவிடும். சனி, ஞாயிறில் தண்டவாளப் பராமரிப்பு வேலை அடிக்கடி நடக்கும். டிக்கெட் போடும்போது பயண விவரத்தில் நடுவே 'பேருந்து' என்று வந்தால் வேறு நேரம் பாருங்கள்.

நியூகாசில் ஊருக்குள் இருக்கும் கார் வாடகை அலுவலகங்கள் வெள்ளி மாலை சீக்கிரம் மூடிவிடும். இரவில் வந்து சேர்பவர்கள் விமான நிலையத்தில் இருக்கும் அலுவலகத்தைப் பதிவு செய்வது பாதுகாப்பு. மத்திய ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோவில் 25 நிமிடம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் பதிவின்போதே குறிப்பிட்டுக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கியர் வண்டிதான் தருவார்கள். கிரெடிட் கார்டு, ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும். இந்திய, இலங்கை உரிமம் வைத்திருப்பவர்கள் பிரிட்டனுக்கு வந்த 12 மாதம் வரை அதிலேயே ஓட்டலாம். பிள்ளைக்கு 12 வயதாகும் வரை அல்லது உயரம் 135 செ.மீ. ஆகும் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை, பூஸ்டர் இருக்கை சட்டப்படி கட்டாயம். அதையும் முன்பே சொல்லிவையுங்கள்.

நியூகாசிலுக்கு வடக்கே ஏ1 சாலையில் கவனம் வேண்டும். இரட்டைப் பாதையாகப் போய்க்கொண்டிருக்கும் ரோடு சட்டென்று எதிரெதிரே வண்டிகள் வரும் ஒற்றைப் பாதையாகிவிடும், பிறகு மறுபடி இரட்டையாகும். அந்த மாறும் இடங்களில் அவசரப்பட்டு முந்த வேண்டாம். முன்னால் டிராக்டர் போனால் அதன் பின்னாலேயே போங்கள்.

தங்குவதற்கு இரண்டு இரவும் ஒரே இடம் வையுங்கள். ஆனிக் நடுவில் இருப்பதால் எல்லாப் பக்கமும் அரை மணி நேரத்தைச் சுற்றியே வரும். வார்க்வொர்த் 8 மைல், டன்ஸ்டன்பரோவுக்கு நடை தொடங்கும் க்ராஸ்டர் கிராமம் 8 மைல், பாம்பரோ 16 மைல். சூப்பர்மார்க்கெட், மருந்துக்கடை எல்லாம் அங்கேயே உண்டு. ஊருக்குள் பல வாகன நிறுத்தங்களில் காசு வாங்க மாட்டார்கள், ஆனால் வந்த நேரத்தைத் திருப்பி வைத்துக் கண்ணாடிக்குள் காட்டும் அட்டைக் கடிகாரம், அதாவது பார்க்கிங் டிஸ்க், இருக்க வேண்டும். கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இலவசம்தானே என்று அது இல்லாமல் நிறுத்தி அபராதம் கட்டுபவர்கள் நிறைய.

கார் ஓட்ட முடியாதவர்களுக்கு நியூகாசிலிலிருந்து வார்க்வொர்த், ஆனிக், க்ராஸ்டர், சீஹவுசஸ், பாம்பரோ வழியாக பெரிக் வரை போகும் எக்ஸ்18 பேருந்து இருக்கிறது. ஆனிக்கைத் தாண்டினால் பேருந்துகள் குறைவு. ஒன்றை விட்டால் அரை நாள் போய்விடும். பேருந்தில் போனால் ஆனிக்கும் வார்க்வொர்த்தும் ஒரு நாள், பாம்பரோ மட்டும் மறுநாள் என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.

எந்த அட்டை எங்கே செல்லும்

டிக்கெட் விஷயத்தில் குழப்பம் வருவது, கோட்டைகளுக்கு வெவ்வேறு சொந்தக்காரர்கள் இருப்பதால். இங்கிலிஷ் ஹெரிடேஜ், நேஷனல் டிரஸ்ட் இரண்டும் பழைய இடங்களைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்கள், உறுப்பினருக்கு அட்டை தருவார்கள். வார்க்வொர்த் இங்கிலிஷ் ஹெரிடேஜ் பொறுப்பில் இருக்கிறது. டன்ஸ்டன்பரோ நேஷனல் டிரஸ்டுக்குச் சொந்தம், நடத்துவது இங்கிலிஷ் ஹெரிடேஜ். எனவே இரண்டில் எந்த அட்டை இருந்தாலும் உள்ளே விடுவார்கள். லிண்டிஸ்ஃபார்ன் தீவில் கோட்டை நேஷனல் டிரஸ்ட், பழைய மடாலயம் இங்கிலிஷ் ஹெரிடேஜ். ஆனிக் நார்தம்பர்லாந்து டியூக்குடையது, பாம்பரோ ஆம்ஸ்ட்ராங் குடும்பத்துடையது. இந்த இரண்டிலும் மேலே சொன்ன எந்த அட்டையும் செல்லாது, தனி டிக்கெட் வாங்க வேண்டும்.

நீங்கள் பிரிட்டனிலேயே இருப்பவர், வருடத்தில் இன்னும் இரண்டு மூன்று இடம் போவீர்கள் என்றால் இங்கிலிஷ் ஹெரிடேஜ் ஆண்டு உறுப்பினராவது லாபம். உறுப்பினரோடு வரும் பிள்ளைகளுக்குத் தனியாகக் கட்டணம் இல்லை. பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தால், வெளிநாட்டினருக்கென்று குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் அதே நிறுவனம் தரும் பாஸின் விலையைத் தனி டிக்கெட்டுகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஒரு வார இறுதிக்கு மட்டுமே என்றால் தனித்தனி டிக்கெட்டே போதும்.

மாதத்தைப் பொறுத்தவரை மே, ஜூன், செப்டம்பர் நல்லவை. ஆனிக் மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரைதான் திறந்திருக்கும். குளிர்காலத்தில் டிசம்பரில் மாலை 3.40க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஜூன் கடைசியிலோ இரவு 9.45 வரை வெளிச்சம் இருக்கும். எந்த மாதமானாலும் காற்றுப் புகாத மேல்சட்டை வேண்டும். ஊருக்குள் வெயில் அடிக்கும்போதே கடலோரத்தில் சட்டென்று குளிர்ந்த மூடுபனி வந்து கோட்டையையே மறைத்துவிடுவது வசந்தத்திலும் கோடையிலும் சகஜம். உள்ளூரில் அதை ஃப்ரெட் என்பார்கள். அப்படி வந்தால் கடற்கரையை விட்டு நாலைந்து மைல் உள்ளே இருக்கும் ஆனிக்குக்குப் போய்விட்டு, விலகிய பிறகு திரும்புங்கள்.

சனிக்கிழமை: வார்க்வொர்த், பிறகு ஆனிக்

வார்க்வொர்த்தைக் காலையில் திறந்தவுடன் பாருங்கள். கோக்கெட் ஆறு மூன்று பக்கம் சுற்றி வளைக்க, ஊரின் ஒரே தெரு மேடேறிப் போய் முடியும் இடத்தில் கோட்டை நிற்கிறது. வெளி மதிலும் வாசலும் முன்பே இருந்தவை. நடுநாயகமான பெருங்கோபுரத்தைப் 14ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கட்டியவர், நார்தம்பர்லாந்தின் முதல் ஏர்ல் (பிரபுப் பட்டம்) ஹென்றி பெர்சி. இந்தப் பெர்சி குடும்பத்தின் பெயர் இந்தப் பயணம் முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

கோபுரத்துக்குள் போனவுடன் மேலே ஓடாதீர்கள். கீழ்த்தளத்தைச் சுற்றி வாருங்கள். சதுரத்தின் நான்கு பக்கமும் ஒவ்வொரு பகுதி முன்னால் துருத்தி நிற்க, நடுவில் மேலிருந்து கீழ் வரை ஒரு திறந்த குழல் விட்டிருக்கிறார்கள். முற்றம் வைத்த வீட்டில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது: வெளிச்சமும் இறங்கும், மழையும் இறங்கும். அந்த மழைநீரை அடியில் தொட்டியில் தேக்கி, கழிப்பறைக் குழாய்களைக் கழுவிவிட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். 600 வருடத்துக்கு முந்தைய வேலை. கீழே வளைவுக் கூரை போட்ட சரக்கறைகள், முதல் தளத்தில் கூடம், வழிபாட்டறை, சமையலறை. பாதாள அறையிலிருந்து பானம் கொண்டுபோகும் படி ஒரு பக்கம், விருந்தாளி ஏறும் படி இன்னொரு பக்கம். வேலைக்காரர் பாதையும் விருந்தாளி பாதையும் குறுக்கிடாமல் ஒரே கல் கட்டடத்துக்குள் எப்படிப் பிரித்தார்கள் என்பதைப் பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

மன்னர் நான்காம் ஹென்றிக்கு எதிராகப் பெர்சிகள் கிளர்ந்தபோது, 1405இல் அவரே பீரங்கியோடு வந்து முற்றுகையிட்டார். ஏழாவது குண்டு விழுந்ததும் கோட்டை பணிந்தது. கல் மதிலின் காலம் முடியப்போகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு. மறுநாள் பாம்பரோவில் அந்தக் கதையின் அடுத்த பகுதி வரும்.

பெற்றோருக்குக் கோபுரத்தின் படிகள் கஷ்டம்: செங்குத்து, தேய்ந்த கல். உள்முற்றம் புல்வெளி, அங்கே உட்கார இடம் உண்டு. ஆற்றோரம் பாறையைக் குடைந்து செய்த துறவியர் மடம் ஒன்று இருக்கிறது, படகில்தான் போக முடியும். கோடையில் சில நாட்கள் மட்டுமே படகு விடுகிறார்கள், போவதற்கு முன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

இங்கே இரண்டு மணி நேரம். பிறகு ஆனிக், 20 நிமிடத்தில். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டே உள்ளே போங்கள். கிராமத்துப் பப்களில் சமையலறையை மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடுவார்கள், மாலைதான் திரும்பத் திறப்பார்கள்.

ஆனிக்கைப் பெர்சி குடும்பம் 1309இல் வாங்கியது. இன்று வரை அவர்களிடமே இருக்கிறது. குடியிருப்பில் உள்ள இங்கிலாந்துக் கோட்டைகளில் விண்ட்சருக்கு அடுத்து பெரியது இதுதான். ஹாரி பாட்டர் முதல் இரண்டு படங்களில் துடைப்பம் ஏறிப் பறக்கப் பழகும் காட்சிகளை இந்த முற்றத்தில் எடுத்தார்கள், அதனால் கூட்டம் உண்டு. பிள்ளைக்குத் துடைப்பப் பயிற்சி வேண்டுமென்றால் வாசலைத் தாண்டியதும் முதல் வேலையாக நேரம் கேட்டு வாங்கிவிடுங்கள். பிற்பகலில் போய்க் கேட்டால் இடம் தீர்ந்திருக்கும்.

எல்லாரும் செய்யும் தவறு, முற்றத்திலேயே நேரத்தைக் கழித்துவிட்டு மாளிகை அறைகளைக் கடைசிக்கு வைப்பது. அந்த அறைகளின் கடைசி அனுமதி, கோட்டை மூடும் நேரத்துக்கு வெகு முன்பே முடிந்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் முரட்டு நடுக்காலக் கல், உள்ளே கால் வைத்தால் இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணியில் பொன்னும் செதுக்கு மரமுமாக மின்னும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நான்காம் டியூக் செய்த மாற்றம் அது. கட்டடக் கலைஞர் ஆந்தனி சால்வின் வெளிப்புறத்தைக் கோட்டையாகவே வைத்துக்கொள்ள, உட்புறத்துக்கு இத்தாலியக் கலைஞர்களை வரவழைத்தார்கள். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள்.

வெளியே வரும்போது வாசல் மதிலின் மேல் பாருங்கள். கல்லைத் தூக்கி எறியத் தயாராக நிற்பது போலக் கல் வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். பலரும் போர்க்காலச் சிற்பம் என்று நினைப்பார்கள். இப்போது நிற்பவற்றில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டில் அலங்காரத்துக்கு வைத்தவை.

பக்கத்தில் உள்ள ஆனிக் தோட்டத்துக்கு வேறு டிக்கெட். விஷச் செடிகளை மட்டும் வளர்க்கும் பூட்டிய பகுதி அங்கே புகழ்பெற்றது, ஆள் கூட்டிக்கொண்டு போய்த்தான் காட்டுவார்கள். ஒரே பிற்பகலில் கோட்டையும் தோட்டமும் சேர்ந்தால் இரண்டும் அரைகுறைதான். இந்தப் பயணத்தில் தோட்டத்தை விட்டுவிடலாம். அதற்குப் பதிலாக, 1887இல் கட்டிய பழைய ரயில் நிலையத்துக்குள் இயங்கும் பார்ட்டர் புக்ஸ் என்ற பழைய புத்தகக் கடைக்குப் போங்கள். பெற்றோர் கணப்பு அடுப்பருகே உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை: டன்ஸ்டன்பரோ, பாம்பரோ, முடிந்தால் தீவு

டன்ஸ்டன்பரோவுக்கு கார் போகாது. க்ராஸ்டர் கிராமத்தில் கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு புல்தரையில் 1.3 மைல், அதாவது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடக்க வேண்டும். ஏறக்குறைய சமதளம்தான், ஆனால் மேடு பள்ளம், ஆட்டுப் புழுக்கை, மழை பெய்தால் சேறு. போக 30 நிமிடம், வர 30 நிமிடம், அங்கே ஒரு மணி நேரம். சக்கர நாற்காலி போகாது. நடக்க முடியாத பெற்றோர் க்ராஸ்டர் துறைமுகத்தில் இருக்கலாம், அங்கிருந்தே தூரத்தில் கோட்டை தெரியும். நிறுத்தம் சிறியது. கோடை ஞாயிறில் பத்தரைக்குள் நிறைந்துவிடும், ஒன்பதரைக்கு அங்கே இருங்கள்.

கட்டியவர் தாமஸ், லங்காஸ்டர் ஏர்ல். மன்னர் இரண்டாம் எட்வர்டின் ஒன்றுவிட்ட சகோதரர், பரம எதிரியும்கூட. 1313இல் வேலை தொடங்கியது. மன்னருக்கு எதிராகக் கிளர்ந்து, பரோபிரிட்ஜ் போரில் தோற்று, 1322இல் பான்டிஃபிராக்டில் தலை வெட்டப்பட்டார். எல்லைப் பாதுகாப்புக்குத் தேவையான அளவையும் தாண்டி இதைப் பிரம்மாண்டமாகக் கட்டியதன் காரணத்தை நடந்து போகும்போதே உணரலாம். இது பார்ப்பவரை மலைக்க வைக்கக் கட்டியது. கோட்டையைச் சுற்றி ஆழமில்லாத செயற்கை ஏரிகளை வெட்டியிருந்தார்கள். இப்போது அவை தாழ்ந்த சதுப்புத் தரையாகத் தெரியும், மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும். அன்றைக்கு இரட்டைக் கோபுர வாசல் அந்த நீரில் தலைகீழாகத் தெரிந்திருக்கும்.

வாசல் கட்டடத்துக்குள் நின்று மேலே பாருங்கள். தரை இல்லாத சுவரில் அந்தரத்தில் அடுப்பு தொங்குகிறதா? அதற்குக் கீழே வரிசையாகச் சதுரக் குழிகள் இருக்கும். மர உத்தரங்கள் செருகிய இடம் அவை. எந்த உயரத்தில் தளம் இருந்தது, எத்தனை மாடி, யாருடைய அறை சூடாக இருந்தது என்பதெல்லாம் அந்தக் குழியையும் அடுப்பையும் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இடிந்த கோட்டையைப் படிக்க இதைவிட நல்ல வழி இல்லை. 1380களில் மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகன் ஜான் ஆஃப் காண்ட் இந்த வாசலையே அடைத்துத் தன் குடியிருப்பாக்கி, பக்கத்தில் வேறு வாசல் வைத்தார். வடக்குப் பக்கம் கரும்பாறைச் செங்குத்தில் கிட்டிவேக் என்ற கடற்பறவைகள் கூடு கட்டும். அங்கே வேலி கிடையாது, பிள்ளையின் கையை விடாதீர்கள்.

திரும்பி வந்ததும் க்ராஸ்டர் கிப்பர். ஹெர்ரிங் மீனைப் பிளந்து ஓக் மரத்தூள் புகையில் மணிக்கணக்கில் ஊற வைப்பது. வாங்கினால் இரண்டு மூன்று உறை போட்டுக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாடகைக் கார் முழுக்க மணக்கும்.

அங்கிருந்து பாம்பரோ 13 மைல், அரை மணி நேரம். கடலுக்கு மேலே பாறைமேட்டில் நீளமாகப் படுத்திருக்கும் இந்தக் கோட்டையைத் தூரத்திலிருந்து பார்க்கும்போதுதான் அதன் முழு அழகு. மணல்மேடுகள் வழியாகக் கடற்கரைக்கு இறங்கி ஒரு சுற்று வந்துவிட்டு உள்ளே போங்கள். ஆறாம் நூற்றாண்டிலேயே இந்தப் பாறையில் ஆங்கிலோ-சாக்சன் அரசர்களின் இருப்பிடம் இருந்தது. 1464இல், அரியணைக்காக இரு அரச கிளைகள் மோதிய ரோஜாப் போர்களின்போது வார்விக் ஏர்லின் பீரங்கிகள் இதன் மதிலை உடைத்தன. வார்க்வொர்த் முன்பே குண்டுக்குப் பணிந்திருந்தாலும், இங்கிலாந்தில் பீரங்கியால் வீழ்ந்த முதல் கோட்டை என்று இதைத்தான் சொல்வார்கள்.

இன்று காண்பதில் பெரும்பகுதி, ஆயுதமும் நீரியல் இயந்திரமும் செய்து பணம் சேர்த்த வில்லியம் ஆம்ஸ்ட்ராங் 1894இல் வாங்கிய பிறகு கட்டியது. ஓய்வுபெற்றவர்கள் உடல் தேறும் இல்லமாக்குவது அவர் திட்டம். வேலை முடிவதற்கு முன்பே 1900இல் இறந்துவிட்டார். பெரிய கூடத்தின் கூரை முழுக்க சயாம் தேக்கு. நடுக்காலக் கூடம் என்று நினைத்து உள்ளே போனால் ஏமாற்றம்தான். விக்டோரியா காலத்துச் செல்வந்தர் ஒருவர் நடுக்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார் என்று பார்த்தால் சுவையாக இருக்கும். 12ஆம் நூற்றாண்டின் நடுக்கோபுரமும், பாறையை 40 மீட்டருக்கு மேல் குடைந்த கிணறும் உண்மையான பழமை. வாசலிலிருந்து மேலே போகும் பாதை செங்குத்தானது, அதனால் மேலே நிறுத்துமிடம் இருக்கிறதா என்று வாசலில் கேட்டு, பெற்றோரைக் கூடுமானவரை மேலேயே இறக்கிவிடுங்கள்.

பாம்பரோவிலிருந்து லிண்டிஸ்ஃபார்ன் 17 மைல். அட்டவணைப்படி ஞாயிறு காலையில் வழி திறந்திருந்தால் தீவை முதலில் முடித்துவிட்டு, பாம்பரோ, டன்ஸ்டன்பரோ என்று தெற்கே இறங்குங்கள். நண்பகலுக்குப் பின் திறந்தால் மேலே சொன்ன வரிசையே சரி, ஆனால் டன்ஸ்டன்பரோ நடையை ஒன்பதரைக்கே தொடங்கியாக வேண்டும். நாள் முழுக்க ஒத்துவராவிட்டால் தீவை விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் எட்டிப் பார்க்க அங்கே போவதில் பொருளில்லை. நிறுத்தத்திலிருந்து கோட்டை ஏறத்தாழ ஒரு மைல் நடை, பிறகு உருளைக்கல் பதித்த ஏற்றம். குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும்.

கோட்டை சிறியது. பழைய மடாலயத்தின் கற்களைக் கொண்டு 16ஆம் நூற்றாண்டில் கட்டிய காவலரண் அது. கன்ட்ரி லைஃப் இதழைத் தொடங்கிய எட்வர்ட் ஹட்சன் 1901இல் அதைப் பார்த்ததும் பிடித்துப்போய் விடுமுறை வீடாக்கினார். மாற்றிக் கட்டிய கலைஞர் எட்வின் லட்யென்ஸ், பின்னாளில் புது டெல்லியில் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த அதே ஆள். அங்கே அத்தனை பிரம்மாண்டம் செய்தவர் இங்கே தாழ்ந்த கூரை, குறுகிய நடை, ஆழமான சன்னல் என்று கைக்கடக்கமாகச் செய்திருப்பதைப் பார்க்கலாம். திறக்கும் நேரம் ஓதத்தோடு மாறும். மடாலயம் கி.பி. 635இல் புனித எய்டன் தொடங்கியது. 793இல் வைக்கிங்குகள் சூறையாடியது உலகறிந்த செய்தி. கால் வலிக்கும் பெற்றோருக்குக் கோட்டையைவிட ஊர் நடுவே இருக்கும் மடாலயமே எளிது.

ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பப்பில் மேசையை வாரத் தொடக்கத்திலேயே பதிவு செய்யுங்கள். அன்றைக்கு ஊரே வறுத்த இறைச்சிச் சாப்பாட்டுக்கு வெளியே வரும். பெரிய கடைகள் ஞாயிறில் சட்டப்படி ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம், எனவே ரொட்டி, பழம், தயிர் எல்லாம் சனி மாலையே வாங்கி வையுங்கள்.

தீவிலிருந்து நியூகாசில் 60 மைலுக்குச் சற்று குறைவு, ஒன்றரை மணி நேரம் வையுங்கள். கார் ஒப்படைக்க, பெட்ரோல் நிரப்ப இன்னொரு முக்கால் மணி நேரம். ஞாயிறு மாலை லண்டன் ரயில்களில் கூட்டம் அதிகம். இருக்கை எண்ணோடு பதிவு இல்லாமல் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு ஏறாதீர்கள். ஏதோ காரணத்தால் ஒரே நாள்தான் கிடைக்கிறது என்றால், புகழைப் பார்க்காமல் வார்க்வொர்த்தும் டன்ஸ்டன்பரோவும் போய் வாருங்கள். இரண்டுக்கும் ஒரே இங்கிலிஷ் ஹெரிடேஜ் அட்டை போதும், கூட்டமும் குறைவு.